கட்டு நூலில் பூத்த பூவரசு

ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லிப் பேத்தியைக் கூப்பிடும் வயதுக்கு வந்துவிட்ட என் கூட்டாளிகளுக்காக இதை எழுதுகிறேன். சிறுசுகள் படித்தால் படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நடுவில் புகுந்து, "ஒரு நூல்கண்டுக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்கக் கூடாது. யுத்த காலத்தில் நூல்கண்டு என்ன, ஒரு குண்டூசிக்கே பாடுதான். எதைக் கேட்டாலும் கடைக்காரர் கையை விரித்து, "கப்பல் வரலீங்க" என்பார். தேங்காய் கிடைக்காதபோதுகூட கப்பல் வரவில்லை என்றுதான் சொன்னார்கள். தேங்காய் எந்தக் கப்பலில் வந்தது என்று நாம் யாரும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ராசிபுரத்தில் இரண்டு நெசவுத் தெருக்கள் கூடும் முக்கில் எங்கள் வீடு. அப்பா தறி போடுகிறவர் அல்ல. தறிக்காரர்களுக்கு நூலில் சாயம் ஏற்றிக் கொடுப்பவர். வீட்டின் பின்புறம் ஓலை வேய்ந்த நீளமான சாயப் பட்டறை. அதற்குள் வரிசையாகத் தொட்டிகள், இரண்டு பெரிய செப்பு அண்டாக்கள், கழிகளில் தொங்கும் ஈர நூல். அங்கிருந்து வெளியேறும் தண்ணீர் தெருவோரச் சாக்கடையில் ஓடும். அதைப் பார்த்தே இன்றைக்கு எங்கள் வீட்டில் என்ன சாயம் என்று தெருவே சொல்லிவிடும். மஞ்சள் ஓடும் நாள், ஊதா ஓடும் நாள், இரண்டும் கலந்து பெயர் சொல்ல முடியாத ஏதோ ஒன்று ஓடும் நாள். எதிர் வீட்டு வெள்ளைக் கோழிக்கு நாளுக்கொரு நிறத்தில் கால். அப்பாவின் கைகள் முழங்கை வரை நீலமாக இருக்கும். எல்லா அப்பாக்களின் கையும் அப்படித்தான் இருக்கும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒருத்தியின் அப்பா வெறும் கையோடு வந்து நின்றபோது, அவருக்கு ஏதோ சீக்கு என்று பயந்துபோனேன்.

இத்தனை நிறம் புழங்கிய வீட்டில் நிறமே இல்லாமல் இருந்தவள் என் அத்தை. அப்பாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டாம் வருஷமே மாமா காய்ச்சலில் போய்விட, அத்தை வெள்ளைச் சீலையோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று இருபத்து நான்கு வயது இருக்கலாம். எனக்கு அவள் பெரிய மனுஷி. இன்று என் பேத்தி அதைவிடப் பெரியவளாக இருந்துகொண்டு சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாமல் நிற்கிறாள்.

எங்கள் சாயக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. தாலி அறுத்தவள் பட்டறைக்குள் கால் வைத்தால் சாயம் பிடிக்காது. பிடித்திருக்கும் சாயமும் கெட்டுப்போகும். அப்பா கெட்டவர் இல்லை. தங்கைக்கு முதலில் சோறு போட்டாயா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அசைய மாட்டார். அவரோ விடிந்தால் பட்டறைக்குள் போகிறவர், பொழுது சாய்ந்தால்தான் வெளியே வருகிறவர். வந்த பிறகும் அத்தை அவருக்கு எதிரில் நின்று பேசமாட்டாள். அதுவும் அந்தக் காலத்து வழக்கம். அதனால் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதெல்லாம் என் வழியாகத்தான்.

"அம்முணி, அப்பாகிட்டப் போயி, நாளைக்குக் கெணத்துல சேறு வார ஆளு வாராங்களான்னு கேட்டுட்டு வா" என்பாள் அத்தை. நான் முற்றத்தைத் தாண்டிப் பட்டறை வாசலுக்குப் போவதற்குள் நடுவில் ஒரு ஓணான் தென்படும். அதன் பின்னால் ஓடிவிட்டு, "அப்பா, கெணத்துல என்னமோ கேட்டாங்க அத்தை" என்பேன். அப்பா சிரித்துக்கொண்டே எதையோ சொல்லி அனுப்புவார். அதில் பாதியை வழியில் சிந்திவிட்டு மீதியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த வேலையில் எனக்குப் பெருமை அதிகம்.

அந்த மாசி மாதத்தில்தான் எங்கள் பெண்கள் பள்ளி வாத்தியாரம்மா ஒரு செய்தி கொண்டுவந்தார். அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்; ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த முக்காட்டோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தைக்கு மத்தியான நேரங்களில் குறுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். துணியில் கட்டம் கட்டமாக எண்ணி, ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கல் குறி மாதிரி ஊசி போட்டுப் படம் கொண்டுவருவது.

"சேலத்துல சிஸ்டருங்க நடத்துற பள்ளிக்கூடத்துல தையல் டீச்சர் வேணுமாம்" என்றார் வாத்தியாரம்மா. "தங்க எடமும் உண்டு, சாப்பாடும் உண்டு. நான் உன் பேரைச் சொல்லி வெச்சிருக்கேன். அங்க தையலைப் பாத்துக்கற மதர், மாதிரிக்கு ஒண்ணு தைச்சுக் காட்டச் சொல்றாங்க. பூவோ எலையோ, ஏதாச்சும் ஒண்ணு. ஆனா ஒரே பூவுக்குள்ள நெறம் மாறி மாறி ஓடோணும். அதான் பரீட்சை."

வாத்தியாரம்மா போன பிறகு அத்தை என்னை அப்பாவிடம் அனுப்பினாள். "சேலத்துக்கு வேலைக்குப் போகட்டுமான்னு கேளு. ஒரு மாதிரி தைச்சுக் காட்டோணுமாம், அதையும் சொல்லு." நான் போய்க் கேட்டேன். அப்பா துடுப்பை அண்டாவிலேயே விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அதுக்குப் புடிச்சிருந்தா போகட்டும்னு சொல்லு. இங்க இருந்து என்னத்தக் கண்டா" என்றார். இதை மட்டும் ஒரு எழுத்து சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஆனால் போகும்போது நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. நிறம் மாறி மாறி ஓட வேண்டும் என்பதை அத்தை என்னிடம் தனியாகச் சொல்லி அனுப்பவில்லை. எனக்கும் அது முக்கியமாகத் தோன்றவில்லை.

நிறம் மாறி ஓடும் நூல் அப்போது சீமையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரே கண்டில் இளமஞ்சளில் தொடங்கி ஆரஞ்சாகி, சிவப்பில் முடியும். கப்பல் நின்றதும் அது நின்றுவிட்டது. வாத்தியாரம்மா சேலத்தில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டு வெறும் கையோடு வந்தார். அத்தை இரண்டு நாள் பேயடித்த மாதிரி இருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் பட்டறைக்கு வெளியே குப்பை கொட்டும் இடத்தில் அவள் குனிந்து எதையோ பொறுக்குவதைப் பார்த்தேன்.

கட்டு நூல். நம்மில் சாயக்காரர் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நூலைச் சிட்டம் சிட்டமாக, பெரிய வளையங்களாகச் சாயத்தில் முக்குவார்கள். சிக்கு விழாமல் இருக்க ஒவ்வொரு சிட்டத்தையும் நாலைந்து இடத்தில் ஒரு நூலால் கட்டுவார்கள். அந்தக் கட்டு நூல் இன்றைக்கு மஞ்சளில் முங்கும், நாளைக்கு அவிழ்த்து வேறு சிட்டத்தில் கட்டினால் சிவப்பில் முங்கும். முடிச்சு விழுந்த இடத்துக்குள் சாயம் போகாது. முடிச்சை ஒட்டிய இடத்தில் அரைகுறையாகப் போகும். இப்படிப் பத்துச் சாயம் பார்த்த கட்டு நூலை அவிழ்த்து நீட்டினால் அதில் மஞ்சள், காவி, இளஞ்சிவப்பு, செம்மண், இலைப்பச்சை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கரைந்து போகும். இற்றுப்போனால் தூக்கி எறிவார்கள். நாங்கள் அதில் பட்டாம்பூச்சியைக் கட்டி விளையாடுவோம். அத்தை அதை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தபடி நின்றாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

அன்றிலிருந்து கட்டு நூல் பொறுக்குவது என் வேலை. அத்தை பட்டறைக்குள் வரக் கூடாது, நான் வரலாம். பாவாடையில் அள்ளிக்கொண்டு வருவேன். அவள் முடிச்சுகளை நகத்தால் அவிழ்த்து, அரிசி களைந்த தண்ணீரில் அலசி, முறுக்கைப் பிரித்து இழை இழையாக எடுப்பாள். மஞ்சளும் சிவப்பும் ஓடும் இழைகள் ஒரு பக்கம், பச்சையும் நீலமும் ஓடுபவை ஒரு பக்கம். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் இரட்டை இழையாகப் பாவும் ஊடையும் போட்டு ஒரு முழம் வெள்ளைத் துணி நெய்து கொடுத்தார். கண்ணுக்குக் கண் தெரிகிற துணி. எண்ணித் தைக்க வசதி.

என்ன பூ தைப்பது என்பதில் அத்தைக்குச் சந்தேகமே வரவில்லை. கிணற்றடியில் பூவரச மரம் நின்றது. காலையில் அந்தப் பூ எலுமிச்சை நிறத்தில், அடியில் ஒரு கருஞ்சிவப்புப் பொட்டோடு இருக்கும். உச்சிப்பொழுதில் கொஞ்சம் காவி ஏறும். மாலைக்குள் சிவந்துபோய், மறுநாள் சுருண்டு கீழே கிடக்கும். "ஒரே நாள்ல எத்தனை சாயம் ஏத்திக்குது பாரு அம்முணி. உங்கப்பாவால முடியுமா?" என்றாள் அத்தை. எனக்குச் சிரிப்பு வந்தது. அதைத் தூது கொண்டுபோகாதே என்று உடனே என் வாயைப் பொத்தினாள்.

பார்த்துத் தைக்க அச்சுப் படம் கிடையாது. அத்தை சமையல்கட்டிலிருந்து மாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டு வந்து, பூவுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னாள். கம்பிச் சல்லடை, சதுரம் சதுரமான கண். அதன் வழியாகப் பார்த்தால் பூ கட்டம் கட்டமாகப் பிரிந்து நின்றது. அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவாள். எண்ணியதைச் சிலேட்டில் புள்ளியாக வைத்துக்கொள்வாள். "ஆடாதே சாமி. மூணாவது வரியில மஞ்சள் ஏழு. அப்புறம் காவி ரெண்டு." எனக்குக் கை கடுக்கும். தலைக்கு மேலே பூவரச இலைகள் ஒன்றன்மேல் ஒன்று நிழல் போட்டு அசையும். எங்கோ தறிகள் சளக் சளக் என்று ஒரே கதியில் ஓடும். சல்லடை வழியாகவே நான் கிணறு, கோழி, வெள்ளைச் சீலையில் அத்தை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். எல்லாம் சின்னச் சின்னக் கட்டமாக, யாரோ தைத்து வைத்த மாதிரி இருக்கும். அப்படியே கண் சொருகி, சல்லடையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிப்போவேன். விழித்தால் வெயில் நகர்ந்திருக்கும், பூ நிறம் மாறியிருக்கும், அத்தை அதே இடத்தில் எண்ணிக்கொண்டிருப்பாள். அந்த மாசி பங்குனி மத்தியானங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. இப்போது யோசித்தால் ஒரே ஒரு நீண்ட மத்தியானமாகத்தான் தெரிகிறது.

எனக்கும் ஒரு ஓரத்தில் ஒரு இலை தைக்கக் கொடுத்தாள். பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி வரிசை முழுக்கப் பாதித் தையல் போட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போது மறுபாதியைப் போட்டேன். அதுதான் சீக்கிரம் முடியும். ஆனால் நூலில் நிறம் ஓடுகிறதே! போகும்போது போட்டது பச்சை, வரும்போது மேலே விழுந்தது நீலம். இலை பூஞ்சணம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அத்தை திட்டவில்லை. கடைசி வரை பிரித்துவிட்டு, ஒரு கட்டத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகச் சொன்னாள். "அவசரப்பட்டா நெறம் கொழம்பும். அது போற போக்குல போகட்டும், நாம கூடப் போவோம்." இப்படி ஒவ்வொன்றாகப் போட்டபோது, இலை நடுவில் கரும்பச்சையாகவும் ஓரத்தில் இளம்பச்சையாகவும் தானாக விளைந்தது. வாத்தியாரம்மா கொடுத்த அந்த மழுங்கிய ஊசியை நான் என் கல்யாணம் வரை வைத்திருந்தேன். பிறகு எங்கே தொலைத்தேனோ, பாவி.

பூ முடிய நாற்பது நாளாயிற்று. இரண்டு பூ, ஒரு மொட்டு, ஐந்து இலை. ஒரு பூ காலையிலும் இன்னொன்று மாலையிலும் இருப்பது தையலிலேயே தெரிந்தது. முடிந்த அன்று அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முகர்ந்தாள். வாசனை இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

இனி என் பங்கு வருகிறது. இதைச் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

திங்கட்கிழமை சேலம் போக வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் அத்தை துணியை அலசிக் கொடியில் காயப்போட்டுவிட்டு அம்மாவோடு சந்தைக்குப் போயிருந்தாள். அப்பா முற்றத்துக்கு வந்தவர் கொடியைப் பார்த்து நின்றார். கிட்டே போய்த் துணியின் முனையைப் பிடித்தார். சாயக்காரர் பார்க்கிற விதமே வேறு. அவர் பூவைப் பார்க்கவில்லை, நூலைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் நூலில் திட்டு விழாமல் காவல் காத்தவர். ஒரு சிட்டத்தில் ஓரிடம் வெளுத்து ஓரிடம் கறுத்தால் அன்று சோறு இறங்காது. அப்படிப்பட்டவர் கண்ணுக்கு அந்தத் துணி முழுக்கத் திட்டு.

"ஏம்முணி, இது என்ன நூலு?" என்றார்.

"கட்டு நூலுப்பா. கடையில நல்ல நூலே கெடைக்கலையாம். அதான்."

இவ்வளவுதான் நான் சொன்னது. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் முகம் சுண்டிவிட்டது. சாயக்காரன் தங்கை, நாலு பேர் முன்னால் குப்பையில் பொறுக்கிய நூலில் தைத்ததைக் காட்டப் போகிறாள். வேறு வழியில்லாமல், அண்ணனிடம் வாய்விட்டுக் கேட்கவும் முடியாமல் இப்படிச் செய்திருக்கிறாள். அவர் நினைத்தது அதுதான். இன்றைக்குப் புரிகிறது. அன்று எனக்குப் புரிந்ததெல்லாம், அப்பா ஏதோ நல்லது செய்யப்போகிறார் என்பது மட்டுமே.

பட்டறையின் மூலையில் சாக்குக்கு அடியில் ஒரு தகர டப்பா இருந்தது. யுத்தத்துக்கு முன்னால் வந்த ஜெர்மன் சாயம். மூடியில் கழுகுப் படம். அதில் கடைசியாகக் கொஞ்சம் அரக்குச் சாயம் மிச்சம். பெரிய பெரிய தறிக்காரர்கள் முகூர்த்தப் புடவைக்கென்று வந்து கெஞ்சியும், இல்லவே இல்லை என்று சாதித்தவர். என் கல்யாணத்துக்கு என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாராம். அந்த டப்பாவை அன்று திறந்தார்.

"திட்டு விழுந்த நூலை அடர்ந்த சாயத்துல போட்டா திட்டு மறைஞ்சிரும்" என்று எனக்கு விளக்கினார். "ஒரே நெறத்துல பூ எழும்பி நிக்கும் பாரு. பெரிய எடத்துப் பொடவையில அரக்குல அரக்குப் பூ போடுவாங்கல்ல, அது மாதிரி. அத்தைகிட்டச் சொல்லாதே. வந்து பாக்கட்டும்."

நான் சொல்லவில்லை. சொல்ல யார் இருந்தார்கள்? நான்தான் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். மஞ்சள் பூ முதலில் சிவந்தது, பிறகு இலைகள் கறுத்தன, பிறகு எல்லாம் ஒன்றாயின. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அப்பா ஒரு இடம் விடாமல் புரட்டிப் புரட்டி முக்கினார். அவ்வளவு அன்போடு அவர் ஒரு நூலைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அத்தை சந்தையிலிருந்து வந்தபோது துணி பாதி காய்ந்திருந்தது. ஒரு பொட்டுத் திட்டு இல்லாத அரக்கு. அப்பா பட்டறை வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அத்தை கொடிக்கு அருகில் போய் இரண்டு கையாலும் துணியை எடுத்தாள். அவள் விரல்கள் கட்டம் கட்டமாகத் தடவிக்கொண்டே போயின. எண்ணுகிறாள் என்று நினைத்தேன். பிறகு என்னைக் கூப்பிட்டாள். குரல் சரியாகத்தான் இருந்தது.

"அப்பாகிட்டச் சொல்லு அம்முணி. நல்லாப் புடிச்சிருக்குன்னு."

பத்தடி தூரத்தில் நின்றவரிடம் போய் நான் அதைச் சொன்னேன். அப்பா தலையை ஆட்டிவிட்டு, சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் உள்ளே போய்விட்டார்.

சேலத்துக்குக் கரி வண்டியில் போனோம், நானும் அத்தையும். நினைவிருக்கிறதா அந்த பஸ்? பின்னால் கொதிகலன் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு, பெட்ரோலுக்குப் பதில் கரியைத் தின்றுவிட்டு, மேடு வந்தால் நின்றுவிடும். மல்லூருக்குப் பக்கத்தில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அத்தை மடியில் வைத்திருந்த துணிப்பையைத் தரையில் வைக்காமல் தள்ளினாள். எதற்காக இதைக் கொண்டுபோகிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புதிதாக ஒன்று தைக்க நாள் இல்லை. போகாமல் இருந்தால் அண்ணன் ஏன் என்று கேட்பார். வேறு என்ன செய்வாள்?

தையல் மதர் வெள்ளைக்காரி. தமிழை ஏட்டில் இருக்கிறபடியே பேசினார். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், பின்பக்கம் திருப்பினார், விரலால் தடவினார்.

"தையல் மிகச் சுத்தம். ஒரு முடிச்சும் தெரியவில்லை" என்றார். "ஆனால் நான் நிறம் ஓட வேண்டும் என்று கேட்டேன். இது ஒரே நிறம். ஏன் அப்படிச் செய்தாய்?"

எனக்கு உண்மை நாக்கு நுனியில் வந்துவிட்டது. அத்தையின் கை என் கையைப் பிடித்து அழுத்தியது, எலும்பு வலிக்கிற மாதிரி.

"எனக்கு வர்ணம் பாத்துத் தைக்கத் தெரியாதுங்க" என்றாள் அத்தை.

மதர் இரக்கமாகத்தான் பார்த்தார். சில பேருக்குக் கண் அப்படி அமைந்துவிடும், வருத்தப்படாதே என்று சொல்லித் துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த வேலை அந்த வாரமே வேறொருத்திக்குப் போயிற்று. நல்ல மனதோடு இரண்டு பெரியவர்கள் தப்பாக நினைத்தார்கள், அத்தையின் வாழ்க்கை எங்கள் வீட்டுக் கொல்லைக்கே திரும்பி வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பல நாள் என்மேலேயே பட்டிருக்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"கடைசி டப்பாவை எனக்காகத் தொறந்திருக்காரு கண்ணு. அவரு கெடுத்துட்டாருன்னு அசலார் முன்னால எப்படிச் சொல்லுவேன்?" என்றாள். "நீயும் சொல்லாதே. வேற ஆளு வந்துட்டாங்கன்னு சொல்லிக்கலாம்."

அப்படியே சொன்னோம். அப்பா அதை விடவில்லை. பத்து நாளாக அதையே அரைத்தார். சாப்பிடும்போது, நூல் எண்ணும்போது, வந்தவர் போனவரிடமெல்லாம் அதே பேச்சு. ஒருநாள் காலை வேட்டி மாற்றிக்கொண்டு, அரக்குத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "நேராப் போயே கேக்கறேன். இதுல எங்க கொறைன்னு காட்டட்டும் அந்த மதரு. எங்காச்சும் ஒரு திட்டு இருக்குதா?"

அவர் அந்த ஜன்னல் முன்னால் போய் நிற்பதை நினைத்ததும் எனக்கு அழுகை முட்டியது. தெருமுனை வரை ஓடி அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நிறம் ஓட வேண்டும் என்று கேட்டது, குப்பையில் கட்டு நூல் கிடைத்த அன்று அத்தை வாய் திறந்து நின்றது, சல்லடை, காலைப் பூ, மாலைப் பூ, வர்ணம் பார்க்கத் தெரியாது என்று அத்தை சொன்னது. தூது வேலையில் இரண்டாவது தடவையாக ஒன்றைக்கூடச் சிந்தவில்லை.

அப்பா அங்கிருந்தே திரும்பி வந்து பட்டறைக்குள் போய் அடுப்பை மூட்டினார்.

சாயம் ஏற்றத் தெரிந்தவருக்கு இறக்கவும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அரக்குத் துணியைச் சவுக்காரம் போட்டுக் கொதிக்க வைத்தார். சுண்ணாம்புத் தெளிவில் ஊற வைத்தார். உவர்மண் கரைத்து வேக வைத்து, கல்லில் அடித்து, வெயிலில் போட்டு, மறுபடி அண்டாவில் போட்டார். மூன்று நாள் வேறு யாருடைய நூலையும் தொடவில்லை. தண்ணீர்கூடச் சிவக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் துடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்பா அழுதார். ஆண்பிள்ளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பயந்துபோய் அத்தையிடம் ஓடினேன்.

அத்தை முற்றத்தைத் தாண்டி வந்தாள். பட்டறை வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள். ஆவி நிறைந்த பட்டறையில் அந்த வெள்ளைச் சீலை நேராக நடந்து வந்து அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றது. அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"நான் உள்ள வந்தா சாயம் கெட்டுப் போகும்பீங்களேண்ணா" என்றாள் அத்தை. என்னைக் கூப்பிடாமல், அவரைப் பார்த்தே சொன்னாள். "கெடட்டும்னுதான் வந்தேன். பாப்போம்."

அப்பா துடுப்பால் துணியைத் தூக்கினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். அது போட்டது போட்டபடி அரக்காகவே இருந்தது. தண்ணீர் சொட்டிச் சொட்டி அண்டாவில் விழுந்தது. ஒவ்வொரு சொட்டும் வெறும் தண்ணீர். அத்தை அவரைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார். "ஒண்ணும் ஆகலியேண்ணா" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அப்பா துடுப்பை அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.